ராணி காசு: கடை ஏறுவதற்கு முன்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் திருப்பாலைவனத்தைத் தாண்டிவிட்டால் காற்றில் உப்பு வாசம் ஏறிவிடும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் குப்பங்களிலும், ஏரியின் மேற்குக் கரை ஊர்களிலும் வீட்டு வரும்படி தண்ணீரைப் பார்த்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் படகு கடலுக்குப் போகாது, ஏரிக்குள் இறாலும் ஏறாது. புயல் எச்சரிக்கை வந்தால் நாட்கணக்கில் தொழில் நிற்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் அடகுக்கடைப் படி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்மல் போகும், தாலிக் குண்டு போகும். எல்லாம் போனபின் பெட்டியின் அடியில் துணியில் முடிந்து வைத்த பாட்டி காலத்து வெள்ளிக் காசு வெளியே வரும்.

வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு அந்த முடிச்சுகள் இன்னும் வேகமாக அவிழ்கின்றன. விக்டோரியா தலை போட்டது ராணி காசு, ஜார்ஜ் தலை போட்டது ராஜா காசு. இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் கடைக்காரர் கையில் வாங்கி, ஒருமுறை புரட்டிப் பார்த்து, “இது டூப்ளிகேட்மா, உள்ளே வெள்ளியே கம்மி” என்பார். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத் தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம்.

போலிக் காசை வாங்கி ஏமாறுகிற சேகரிப்பாளர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அசலைக் கையில் வைத்திருந்தும் அது அசல் என்று நிரூபிக்க வழி தெரியாத குடும்பங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர்களிடமிருந்து போவது ஒரு தலைமுறையின் சேமிப்பு. வழியோ மிக எளிது. சமையலறை மேசையிலேயே முக்கால்வாசி சோதனை முடிந்துவிடும்.

எடை பேசட்டும்

பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய்க்கு 1835-ல் நிர்ணயித்த எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதுதான் ஒரு தோலா. காசே எடைக்கல்லாகவும் இருந்தது. நாட்டு வைத்தியர்கள் இன்றைக்கும் ‘ஒரு ரூபாய் எடை’ என்று மருந்துச் சரக்கு நிறுக்கச் சொல்வது இதை வைத்துத்தான். சென்னை மாகாணத்தில் மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. மீனும் புளியும் மிளகாயும் அந்தக் கணக்கில்தான் விற்றன. அவ்வளவு துல்லியமாக அடித்த காசு என்பதால், போலியைப் பிடிக்க எடையைவிட நல்ல சாட்சி கிடையாது.

கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் பாக்கெட் தராசு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று வாங்கி வைத்தால் ஊருக்கே போதும். ரூபாய்க் காசு 11.66, அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46 கிராம். கை மாறி மாறித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டமே, இரண்டு சதவீதத்துக்கு மேல் தேய்ந்த ரூபாயைச் செல்லாது என்றது. ஆகவே 11.4 கிராமுக்கு மேல் காட்டும் ரூபாயை எடையை மட்டும் வைத்துச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மிகவும் வழவழத்துப் போன காசு இன்னும் சற்றுக் குறையலாம். ஆனால் தலையும் எழுத்தும் கூர்மையாகத் தெரிகிற காசு 10 கிராம்தான் காட்டுகிறது என்றால் அதை நம்பவேண்டாம். நிர்ணயித்த எடைக்கு மேலே அரை கிராம் காட்டினாலும் நம்பவேண்டாம். அரசாங்க நாணயச்சாலை யாருக்கும் கூடுதலாக வெள்ளி கொடுத்ததில்லை.

எடையோடு அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரூபாயின் குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர். போலிக்காரனுக்கு இங்கேதான் சிக்கல். பித்தளையிலோ ஜெர்மன் சில்வரிலோ அதே குறுக்களவும் அதே தடிமனும் கொண்ட காசு செய்தால் அது 9.6 கிராம் அளவில்தான் நிற்கும், ஏனென்றால் அந்த உலோகங்கள் வெள்ளியைவிட லேசானவை. எடையைச் சரிக்கட்டத் தடிமனைக் கூட்டினால் அசல் காசோடு அடுக்கி வைக்கும்போது உயரம் காட்டிக்கொடுத்துவிடும். அசல் என்று உறுதியான ஒரு காசு வீட்டில் இருந்தால் மற்றதை அதன்மேல் வைத்து விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்.

1940 என்ற கோடு

பழவேற்காட்டுப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் அசல் காசு ‘போலி’ ஆவது இந்த இடத்தில்தான்.

விக்டோரியா காலத்திலிருந்து 1939 வரை ஆண்டு போட்ட ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நூற்றுக்கு 91.67. ஒரு காசில் 10.69 கிராம் சுத்த வெள்ளி. இரண்டாம் உலகப் போர் வந்தது, மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள், அரசாங்கத்துக்கு வெள்ளித் தட்டுப்பாடு வந்தது. 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எடை அதே 11.66 கிராம்தான். சுத்த வெள்ளி 5.83 கிராம். தேய்ந்த இடங்களில் லேசான மஞ்சளோ செம்போ ஓடும். அதைப் பார்த்துத்தான் “முலாம் போயிருக்கு பாரு” என்கிறார்கள். முலாமும் இல்லை, போலியும் இல்லை. அரசாங்கமே அப்படித்தான் அடித்தது. கள்ளக்காசைத் தடுக்க அந்தக் காலத்து ரூபாய்களின் விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக்கோடும் ஓட்டினார்கள். அது இருந்தால் நல்ல அடையாளம்.

1947 ஆண்டு போட்ட ரூபாயிலும், 1946, 1947 ஆண்டு போட்ட அரை, கால் ரூபாயிலும் வெள்ளி துளியும் கிடையாது, முழுக்க நிக்கல். 1947 ரூபாயின் பின்பக்கம் புலி நிற்கும். காந்தத்தைக் கொண்டுபோனால் கப்பென்று ஒட்டும். ‘காந்தம் ஒட்டினால் போலி’ என்ற பேச்சை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் இதையும் போலி என்று தூக்கி எறிகிறார்கள். அசல்தான், ஆனால் வெள்ளி விலை கேட்கக்கூடாது. முதல் உலகப் போருக்குப் பின் 1919-லிருந்து 1921 வரை வந்த நாலணா, எட்டணாக் காசுகளும் இப்படித்தான். செம்பும் நிக்கலும் கலந்தவை, காந்தத்தில் ஒட்டாதவை, வெள்ளி இல்லாதவை, அசலானவை.

கணக்கு வசதிக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1918-ஆம் ஆண்டு ரூபாயில் 1,069 ரூபாய்க்கு வெள்ளி இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு ரூபாயில் 583 ரூபாய்க்கு. அன்றைய சந்தை விலையை இந்த 10.69, 5.83 என்ற எண்களோடு பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் உருக்குக் கழிவு என்று கொஞ்சம் பிடிப்பார், அது தொழில் வழக்கம். பாதியைப் பிடித்தால் அது வழக்கம் இல்லை.

1918 என்று நான் சும்மா சொல்லவில்லை. நம் வீடுகளில் அதிகம் கிடைக்கும் ராஜா காசுகளில் அது ஒன்று. முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களுக்கும் சரக்குக்கும் கொடுக்க ரூபாய் போதவில்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் போய் நின்றது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் கொண்டுவந்து 25 கோடிக்கும் மேற்பட்ட தன் வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறி ரூபாயானது. ஏரிக்கரை வீட்டின் பெட்டிக்குள் இருக்கும் ஜார்ஜ் ரூபாயின் வெள்ளி, ஒரு காலத்தில் அமெரிக்கக் கருவூலத்தில் டாலராக இருந்திருக்கலாம். கோடிக்கணக்கில் அடித்த காசு என்பதால் அதற்குச் சேகரிப்பு மதிப்பு குறைவு, வெள்ளி மதிப்புதான் முக்கியம். இதைத் தெரிந்துகொள்வதும் விற்பவருக்கு நல்லது, ‘நூறு வருஷக் காசு, லட்சம் போகும்’ என்ற ஆசை வார்த்தைக்கு மயங்காமல் இருக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

எடையும் அளவும் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் அடர்த்தி பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் பாடம் படித்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள், உற்சாகமாகச் செய்வார்கள்.

சிறிய டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, காசின்மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. தராசு இப்போது காட்டுவது, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 1939 வரையிலான அசல் ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும், அடர்த்தி 10.3. பாதி வெள்ளி ரூபாய்க்கு 1.22 கிராம், அடர்த்தி 9.5-ஐ ஒட்டி. 11.66 கிராம் எடையுள்ள ஜெர்மன் சில்வர் போலி 1.36-க்குப் போய்விடும்.

குடிக்கிற தண்ணீரில் செய்யுங்கள், ஏரித் தண்ணீர் வேண்டாம். உப்புத்தண்ணீர் கனமானது. கடல்நீர் இரண்டரை சதவீதம் கணக்கைக் கெடுத்துவிடும், ஏரியின் உப்போ மழைக்கும் கோடைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். கொக்கி பற்றவைத்த காசு, காசுமாலையிலிருந்து கழற்றிய காசு என்றால் பற்று உலோகமும் சேர்ந்து எடையில் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடியது ஈயம் கலந்த போலி. ஈயம் வெள்ளியைவிடக் கனமானது, கலவையைச் சரியாகச் செய்தால் அடர்த்தி அருகில் வரும். அதற்குக் காது இருக்கிறது. விரல் நுனியில் காசைச் சமன் செய்து நிறுத்தி, இன்னொரு காசால் ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். நல்ல வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஈயம் ‘தட்’டென்று செத்துப்போகும். பழைய கடைக்காரர்கள் காசைக் கல்லாப் பலகையில் சுண்டிப் பார்த்தது இதற்காகத்தான். ஒன்று மட்டும், விரிசல் விட்ட அசலும் கொக்கி பற்றவைத்த அசலும் சரியாக ஒலிக்காது. ஒலி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

லென்ஸும் விளிம்பும்

நாணயச்சாலையில் காசை அச்சுக்கு நடுவே வைத்து ஓங்கி அடிக்கிறார்கள். மலிவான போலிகளில் பெரும்பாலானவை அசலிலிருந்து வார்ப்பு எடுத்தவை. வார்ப்பில் எழுத்தின் ஓரங்கள் உருண்டு நிற்கும், முகத்தில் ஊசிமுனை அளவு குழிகள் இருக்கும், விளிம்பில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரியும். அதை அரம் வைத்துத் தேய்த்திருந்தால் விளிம்பின் வரிகள் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றிலும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முகத்தைப் பார்த்தே பழகிய கண் விளிம்பை விட்டுவிடுகிறது.

எழுத்தையும் படிக்க வேண்டும். விக்டோரியா 1876 வரை காசில் ‘குயின்’, 1877-லிருந்து ‘எம்ப்ரெஸ்’. 1862 என்று ஆண்டு போட்டு ‘எம்ப்ரெஸ்’ என்று இருந்தால் தராசே தேவையில்லை. 1862 என்ற ஆண்டையே பத்தாண்டுக்கு மேல் மாற்றாமல் அடித்தார்கள், ஆகவே ஒரு முடிச்சில் 1862 காசுகளே நிறைய இருப்பது சந்தேகத்துக்குரிய விஷயமில்லை.

அரிய காசுகளில் வேறொரு தந்திரம். 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது, அதனால் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுப்பார்கள், அதனாலேயே அதில் போலி அதிகம். சில போலிகளில் வெள்ளி அசல், காசு அசல், கடைசி எண் மட்டும் செதுக்கி மாற்றியது. எடை, அடர்த்தி, ஒலி எதுவும் இதைப் பிடிக்காது. கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளத்தை லென்ஸில் பார்த்தால் கீறலோ பள்ளமோ தெரியும். 1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை தனி. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்த யானை, தும்பிக்கை சரியாகத் தெரியாமல் பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் அளவுக்குத்தான் வெளியே போயிருந்தன, மீதியை உருக்கிவிட்டு 1912-ல் யானையைத் திருத்தினார்கள். 1911 ஜார்ஜ் ரூபாய் கையில் இருந்தால் அதை வெள்ளி எடைக்குக் கொடுக்காதீர்கள்.

கடையில் ஆசிட் விட்டுப் பார்க்கிறேன், ஓரத்தில் வெட்டிப் பார்க்கிறேன் என்றால் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட காசு அதோடு காசாக இருப்பது முடிந்தது, பிறகு உலோகம்தான். ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்கதிர்க் கருவி இருக்கிறது. காசுக்குக் காயமில்லாமல் சில நொடியில் வெள்ளி சதவீதத்தைச் சொல்லும். ஆனால் அந்தக் கதிர் மேல்தோலை மட்டும்தான் படிக்கும். தடித்த வெள்ளி முலாம் போட்ட பித்தளையைக்கூட நல்ல வெள்ளி என்று சொல்லிவிடலாம். கருவி சொல்வதும் தண்ணீர்க் கணக்கும் ஒத்துப்போனால்தான் உறுதி.

விற்கப் போகிறோம் என்று காசைப் புளி போட்டுத் தேய்ப்பதையும் விபூதி போட்டுப் பளபளப்பாக்குவதையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள். நூறாண்டாகப் படிந்த கருமைதான் சேகரிப்பாளர் தேடும் நற்சான்றிதழ். தேய்த்தால் நுண்ணிய கீறல் விழுந்து, நல்ல விலைக்குப் போகவேண்டிய காசு வெறும் வெள்ளி விலைக்கு இறங்கிவிடும்.

கோட்டை, கம்பெனி, சாமி

பழவேற்காட்டில் பழைய காசு என்றதும் டச்சுக்காரர்களின் பேச்சு வந்துவிடும். 1613-ல் கட்டி முடித்த கெல்ட்ரியா கோட்டை 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம். கோட்டைக்குள் நாணயச்சாலையும் இருந்தது. இந்தக் கரையின் துணியை வாங்க அவர்கள் வெளிநாட்டிலிருந்து வெள்ளியும் பொன்னும் கொண்டுவந்தார்கள். ஆனால் அன்றைக்குத் தெற்கே பெரிய வியாபாரம் பொன் வராகனில்தான் நடந்தது, சில்லறைக்குச் செம்புக் காசு. பழவேற்காட்டில் அடித்ததும் முக்கியமாக இவைதான். ‘டச்சுக் கோட்டையில் எடுத்த வெள்ளி நாணயம்’ என்று சுற்றுலா வந்தவரிடம் யாராவது நீட்டினால் முதலில் சந்தேகப்படுவது நல்லது. டச்சுக் கம்பெனியின் எழுத்துப்பின்னல் முத்திரை இருப்பதாலேயே அது இந்த ஊர்க் காசு ஆகிவிடாது. 1726 முதல் அந்த முத்திரையோடு ஹாலந்திலேயே செம்புக் காசுகளை அடித்து ஜாவாவுக்கும் இலங்கைக்கும் ஏராளமாக அனுப்பினார்கள்.

இந்தப் பக்கம் உண்மையிலேயே புழங்கிய பழைய வெள்ளி என்றால் ஆற்காட்டு ரூபாய். பாரசீக எழுத்து, ராஜா தலை இருக்காது, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்த ஒழுங்கின்மையைப் பார்த்து இதையும் போலி என்பார்கள். ஆங்கிலேயர் சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாயில் தாமரை முத்திரை. பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் இறந்து பல பத்தாண்டுகள் ஆனபிறகும் அவர் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் மாற்றாமலே அடித்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்ததில் பிறை. இவை கிடைத்தால் அடகுக்கடைக்கு எடுத்துப்போக வேண்டியவை அல்ல, நாணயம் தெரிந்தவரிடம் காட்டவேண்டியவை. 1807-ஐ ஒட்டிச் சென்னையில் அடித்த அரை வராகன் வெள்ளிக்காசும் அப்படியே. ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் திருமால், சுற்றிலும் தமிழும் தெலுங்கும்.

ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி சாமி உருவம் போட்டுக் காசு அடித்தது என்ற இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு பெரிய பொய்ச்சந்தை நடக்கிறது. ராமர் பட்டாபிஷேகம், அனுமன், லட்சுமி என்று உருவம் போட்டு, மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒரு அணா, 1818’ என்றோ ‘1616’ என்றோ எழுதிய தடித்த செம்பு, பித்தளைத் துண்டுகள். வெள்ளி முலாம் போட்டும் வருகின்றன. கம்பெனி இப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. 1616-ல் சென்னையில் கோட்டையே கிடையாது, கம்பெனி சென்னைக்கு வந்தது 1639-ல். ஓர் அணா என்ற தனி நாணயம் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நிக்கல் கலவையில்தான் வந்தது. பூஜையறையில் வைத்துக் கும்பிடுங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. காசு கொடுத்து வாங்காதீர்கள்.

இதே துண்டுகளைத்தான் ‘ரைஸ் புல்லிங்’ கும்பல் பயன்படுத்துகிறது. காசு அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனி கோடிக்கணக்கில் வாங்கும், சோதனை செய்ய முன்பணம் கட்டு என்பார்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ஆண்டுதோறும் பதிவாகும் மோசடி இது. எந்த உலோகமும் அரிசியை இழுக்காது.

போனில் வரும் வலை

பழைய காசை விற்கிறேன் என்று படம் போட்டவுடன் போன் வரும். ‘உங்கள் காசுக்கு எட்டு லட்சம். ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள்.’ வங்கி முத்திரை போட்ட கடிதமும் வாட்ஸ்அப்பில் வரும். கட்டினால் அடுத்து ஜிஎஸ்டி, பிறகு கூரியர், பிறகு கமிஷன்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று சொன்னது. பொருளை விற்பவருக்குப் பணம் வர வேண்டும். விற்பவரிடமே பணம் கேட்டால் அங்கே வாங்குகிறவர் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த மணிநேரத்திலேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வங்கியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

மண்ணில் கிடைத்ததும் பாட்டி கொடுத்ததும்

பாட்டி கொடுத்த காசை விற்பதில் சட்டச் சிக்கல் இல்லை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ இறால் பண்ணை வெட்டும்போதோ பானையில் காசு கிடைத்தால் அது வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ பொன்னேரி வட்டாட்சியரிடமோ போய்ச் சொல்வதுதான் நடைமுறையில் எளிது. கண்டெடுத்தவருக்கும் பங்கு கிடைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மறைத்து விற்றால் சிறைவரை போகும். காசு எந்த மண்ணில், எந்தப் பானையில், எதோடு கிடைத்தது என்பதும் வரலாறு. கூறுபோட்டு விற்றால் அது என்றைக்கும் திரும்பாது.

நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருள். ஜார்ஜ் காலத்து 1918 ரூபாயும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது, உரிமம் இல்லாமல் அதை வியாபாரமாக நடத்தக்கூடாது. வெளிநாட்டிலிருந்து யாராவது கூரியரில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும் நாள்

போவதற்கு முன் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும்படி போனில் படம் எடுங்கள். ஆண்டு, எடை, தண்ணீரில் காட்டிய எண் மூன்றையும் தாளில் எழுதுங்கள். 1939 வரை ஒரு குவியல், 1940 முதல் 1945 வரை ஒரு குவியல் என்று பிரியுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாவற்றுக்கும் குறைந்த குவியலின் விலைதான் போடுவார்கள். 1911, 1939, ஆற்காட்டு ரூபாய், அரை வராகன் போன்றவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அவற்றை அவசரத்தில் விற்கக்கூடாது. பொன்னேரியில் ஒரு கடை, சென்னையில் தங்கசாலைத் தெரு, சௌகார்பேட்டைப் பக்கம் இன்னொரு கடை என்று குறைந்தது இரண்டு விலை கேளுங்கள். காசை உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். பில் கேளுங்கள். பணம் உடனே வேண்டும், ஆனால் காசை இழக்க மனமில்லை என்றால் விற்பதைவிட அடகு வைப்பது மேல். தடைக்காலம் முடிந்து மீட்டுக்கொள்ளலாம்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு நாட்டின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-லேயே கம்பெனி காலத்து நாணயங்களைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். பழவேற்காடு அங்கிருந்து ஒரே பகலில் போய்வரக்கூடிய தூரம். அருங்காட்சியகமும் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 15-க்கு முன், ஏரிக்கரையில் ஒரு நாணயச் சோதனை முகாம் நடத்த வேண்டும். ஒரு தராசு, ஒரு எக்ஸ்ஆர்எஃப் கருவி, நாணயம் தெரிந்த இரண்டு பேர் போதும். இந்தக் கோரிக்கையை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.